சின்னையா மகன் முடிசூடிய மாலை

அன்புள்ள முனியாண்டி, எங்கள் வேங்கைமலை ராஜாவே,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஈப்போ குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால், நீதானோ என்று உன் தங்கை இன்னும் எட்டிப் பார்க்கிறாள். நானும்தான் பார்க்கிறேன், பேப்பர் படிக்கிற சாக்கில். உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். அதற்கு முன் பழையதைக் கொஞ்சம் பேச வேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே.

சுங்கை சிப்புட் பக்கம் நம் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். காட்டில் வளர்ந்த வில்லாளி ஒருவன். தான் வேங்கைமலை மன்னன் மகன் என்பது அவனுக்கே தெரியாது. கடைசியில் உண்மை வெளிப்பட்டு முடிசூடுவான். அந்த வில்லாளி நீதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பதடி தூரத்தில் தொங்குகிற எலுமிச்சம்பழத்தை மூங்கில் வில்லால் அடிக்க அந்தத் தோட்டத்தில் வேறு யார் இருந்தார்கள்?

சிக்கல் முடிசூட்டுக் காட்சியில் வந்தது. உன் அப்பா தோட்டத்துக் கக்கூஸ் கழுவுகிறவர். ஒத்திகை பார்க்க வந்த கோயில் தலைவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"அம்பு விடறதுக்கு அவன் இருக்கட்டும் லா. கிரீடம் வைக்கிற எடத்துல மட்டும் கிராணி தம்பிய உட்கார வச்சிரு. சாமி முன்னால நடக்குற நாடகம், பாத்துக்க."

"ஒரே ஆளு எப்படிங்க ரெண்டு மொகமா வருவான்?"

"ராஜா ரத்தம்னு தெரிஞ்ச பெறகு மொகம் மாறாதா? எழுதுறவன் நீதானே, ஏதாச்சும் எழுது."

நான் எழுதினேன், முனியாண்டி. தகப்பன் பெயரைச் சொன்னதும் வில்லாளி திரைக்குப் பின்னால் போவான், ராஜ உடையில் திரும்பி வருவான் என்று எழுதினேன். திரும்பி வருவது தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் தம்பி. அதை உன்னிடம் சொன்னபோது நீ நாணை இழுத்துக் கட்டிக்கொண்டே, "சரி மச்சான், அம்பாச்சும் என்னுதுதானே" என்றாய். என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பழம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பொழுது சாய்வதற்குள் நாடகத்தை ஆரம்பித்தோம். முதல் அம்பிலேயே பழம் விழுந்தது. மந்திரி வேஷத்தில் இருந்த நான் முன்னால் வந்து கேட்டேன்: "வில்லாளனே, நீ யார் மகன்?" 'வேங்கைமலை மன்னன் மகன்' என்பதுதான் நான் எழுதிக் கொடுத்திருந்த பதில்.

நம் தோட்டத்தில் மூன்று முனியாண்டிகள். விடிகாலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கிராணி தினமும் கேட்பார்: "முனியாண்டி, யாரு மவன்?" நீ பதில் சொன்னால்தான் பெயர் விழும். மேடையிலும் நீ கையைக் கட்டிக்கொண்டு அதே பதிலைச் சொன்னாய்.

"சின்னையா மவன்ங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் தலைவர் முகம் கறுத்தது. வேலியோரம் நின்றிருந்த உன் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, பெரட்டில் நிற்கிற அதே பணிவோடு கையைத் தூக்கினார்.

"ஆமாங்க. எம் மவந்தாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு என்ன பிடித்ததென்று தெரியவில்லை. திரைக்குள் போய், பட்டு உடுத்திக் காத்திருந்த கிராணி தம்பியின் மடியிலிருந்து கிரீடத்தைப் பிடுங்கி வந்து உன் தலையில் வைத்தேன். "சின்னையா மகன் முனியாண்டி இன்று முதல் இந்நாட்டுக்கு ராஜா" என்றேன். லயத்து வீடுகளிலிருந்து வந்திருந்த பெண்கள் குலவையிட்டார்கள். பாவம், கிராணி தம்பியும் எட்டிப் பார்த்துக் கைதட்டினான். என் நாடகத்தில் நல்ல வசனம் நான் எழுதாததுதான் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாயா? எத்தனை தடவை கேட்டிருப்பேன். "பழக்கதோசம் மச்சான்" என்று சிரித்தே மழுப்பிவிட்டாய். அடுத்த தையில் உன் தங்கையைப் பெண் கேட்டு வந்தேனே, என் வீட்டில் நடந்த ரகளை உனக்குத் தெரியும். அந்தத் துணிச்சல் எனக்கு வேறெங்கிருந்து வந்திருக்கும்?

சரி, செய்திக்கு வருகிறேன். தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். நம் ஆட்கள் பாதிப் பேர் ஈப்போவில்தான் இருக்கிறார்கள். இங்குள்ள இளைஞர் மன்றம் அந்த நாடகத்தைத் திரும்பப் போடுகிறது. வில்லாளியாக நடிக்கிற பையன் போன வாரம் கையெழுத்துப் பிரதியோடு வந்தான்.

"அண்ணே, 'மன்னன் மகன்'னு வரணும் இல்லயா? 'சின்னையா மகன்'னு இருக்கே, தப்பா எழுதிட்டீங்களா?"

"தப்பில்ல தம்பி. அப்படியே சொல்லு" என்றேன்.

மாமா, அதான் உன் அப்பா, எங்களோடுதான் இருக்கிறார். சில நாள் உன்னைக் கேட்கிறார், சில நாள் நீ இல்லை என்பது அவருக்கு நினைவிருக்கிறது. நாடகத்தன்று அவரை முன்வரிசையில் நடுநாற்காலியில் உட்கார வைப்பேன், இது சத்தியம். மந்திரி அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் எழுந்து கையைத் தூக்கினால், யாரும் அவரை உட்காரச் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தங்கையைக் கட்டிய மச்சான்,
கோவிந்தன்