பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் கேட்டது

தார்நாகா, ஹைதராபாத்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு காஞ்சனா எழுதுவது.

உடம்புக்கு எனக்கும் நம் பெண் ரோகிணிக்கும் ஒன்றுமில்லை. மனசைத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நிலையில் வைக்க முடியவில்லை. போனில் சொல்லலாம் என்று எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். நான் ஒரு வரி சொல்வதற்குள் நீங்கள் நாலு வரி பேசிவிடுவீர்கள். காகிதத்தில் நடுவே பேச முடியாது பாருங்கள். மாடி வீட்டு சலீம் தம்பி மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பேசியிருந்த அல்வால் சம்பந்தம் முறிந்துவிட்டது. இதைக் கொண்டுவந்த உங்கள் நண்பர் இராமச்சந்திரன் அண்ணன் இதற்குள் உங்களுக்குப் போன் போட்டு, காஞ்சனாதான் கெடுத்தாள் என்று சொல்லியிருப்பார். உண்மைதான், நான்தான் முறித்தேன். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. இங்கிலீஷில் செய்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். மாப்பிள்ளையின் அம்மா சுஷ்மா ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தஸ்ஸு புஸ்ஸென்று இங்கிலீஷ் பேசுவாள், நீ பேந்தப் பேந்த முழிக்காதே, நாலு வார்த்தை கற்றுக்கொள் என்று சொன்னது யார்? நீங்கள்தானே. அடுத்த தெருவில் ஆக்னஸ் டீச்சர் வகுப்பு எடுக்கிறார் என்று விசாரித்துச் சேர்ந்தேன். ரயில்வே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாட் இஸ் யுவர் ஜாப் என்று மொட்டையாகக் கேட்டால் போலீஸ்காரன் கேட்கிற மாதிரி இருக்கும் என்பார். முன்னால் ஒன்றைச் சேர்க்க வேண்டுமாம். நோ, டெல், ஆஸ்க், டிசைட் எல்லாம் என்ஜின். வாட், வேர், ஹூ, வொய் எல்லாம் பெட்டி. எந்த என்ஜினில் எந்தப் பெட்டியை மாட்டினாலும் வண்டி ஓடும் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது பிடித்துப்போனது. தோசை ஊற்றும்போதுகூட மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோகிணி தலையில் அடித்துக்கொள்வாள்.

நீங்களும் அண்ணனும் போனிலேயே நாள் குறித்தாகிவிட்டதால், பெண் பார்ப்பது பேருக்குத்தான் என்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். பையன் பாலா, அவன் அப்பா அருணாசலம், அந்த அம்மா. கேசரி நன்றாக அமைந்தது. வாழைக்காய் பஜ்ஜிதான் கொஞ்சம் எண்ணெய் குடித்துவிட்டது. ரோகிணி அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். சுஷ்மா இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. ‘டெல் மீ வேர் யூ வொர்க்’ என்று பையனைக் கேட்டேன். எங்கே வேலை என்று சொன்னான். ‘ஐ வாண்ட் டு நோ வாட் யூ லைக் டு ஈட்’ என்றேன். மீன் குழம்பு என்றான். அருணாசலம் ஐயா, அடடே, சம்பந்தியம்மா அசத்துறாங்களே என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை அத்தான். வேர் ஆயிற்று, வாட் ஆயிற்று, அடுத்தது ஹூ பெட்டிதானே? அதே வேகத்தில், ‘டெல் மீ ஹூ யூ வாண்ட் டு மேரி’ என்று மாட்டிவிட்டேன்.

யாரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசை என்று பெண் பார்க்க வந்தவனிடம் எந்தத் தாயாவது கேட்பாளா? தமிழில் என்றால் என் நாக்கு எழும்பியிருக்குமா? அவன் கையிலிருந்த பஜ்ஜி அப்படியே நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். ஆண்ட்டி, இதுவரைக்கும் என்னை இதை யாருமே கேக்கல என்றான். அப்புறம் மெதுவாக, ஆபீசில் கூட வேலை பார்க்கிற ஒரு பெண் இருக்கிறாள், அவளைத்தான் கட்டிக்கொள்ள ஆசை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்றான்.

எல்லோருக்கும் தெரியும் அத்தான்! தெரிந்துகொண்டேதான் நம் வீட்டில் கேசரி சாப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாயிடும் ஹவ், நீங்க கைக்கு இதெல்லாம் கேக்கறீங்க என்று சுஷ்மா என்மேல் பாய்ந்தாள். அந்த நிமிஷம் அவளுக்கு இங்கிலீஷ் எங்கே போயிற்றோ தெரியவில்லை, ஆமாமுக்கு ஹவ், ஏனுக்குக் கைக்கு என்று இந்த ஊர் உருதுதான் வந்தது. அருணாசலம் ஐயா டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்தார். பையன் மட்டும் வாசலில் நின்று, சாரி ஆண்ட்டி, தேங்க்ஸ் ஆண்ட்டி என்று இரண்டையும் சொல்லிவிட்டுப் போனான். படுபாவி என்று திட்ட வாய் வந்தது. திட்டவும் முடியவில்லை.

அடுக்களைக்குப் போனேன். ரோகிணி பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, கேசரியைச் சட்டியோடு வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். பார்த்தால் சிரிக்கிறாள். கிட்டப் போனால் அழுகிறாள். எனக்கு ஆத்திரம். ஏட்டி, உனக்கு என்னதான் வேணும் என்று கத்தத்தான் நினைத்தேன். அதுவரை இங்கிலீஷ் பேசிய வாய், ‘டெல் மீ வாட் யூ வாண்ட்’ என்று வந்துவிட்டது.

நம் பிள்ளை நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷிலோ தெலுங்கிலோதானே பதில் சொல்லும்? அன்றைக்குத் தமிழில் சொன்னாள். இத்தன நாளா என்னை யாரும் கேக்கலயேம்மா என்றாள். யாரைக் கட்டிக்கணும்னு எனக்கு இன்னும் தெரியலம்மா, தெரிஞ்சா உங்கிட்டதான் முதல்ல சொல்லுவேன், தெரியலங்கறதும் ஒரு பதில்தானம்மா என்றாள். அப்பாவிடம் சொல்லவேண்டியதுதானே என்று கேட்டேன். போனில் இரண்டு தடவை ஆரம்பித்தாளாம். நெட்வொர்க் சரியில்லை என்று நீங்கள் வைத்துவிட்டீர்களாம். அப்பா ஆசையாகப் பேசுகிறாரே என்று அதற்குமேல் சும்மா இருந்துவிட்டாளாம். பொங்கல் கழிந்ததும் அந்தப் பையனுக்கு இவளைக் கட்டி வைத்திருப்போமே அத்தான். அவனுக்கும் இஷ்டமில்லை, இவளுக்கும் இல்லை.

இராமச்சந்திரன் அண்ணன் நேற்றே வேறொரு ஜாதகத்தோடு வந்துவிட்டார். மண்டபம் பிடித்தாகிவிட்டது, நீங்களும் லீவு போட்டாகிவிட்டது, அதே முகூர்த்தத்தில் முடித்துவிடலாம் என்கிறார். ஆள் மாறினால் பந்தல் மாற வேண்டாமாம். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நடத்திக்காட்டிவிடுவார். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

அவர் போன பிறகு வகுப்புக்குப் போனேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் எழுந்து, ‘நோபடி ஆஸ்க்ட் மீ வாட் ஐ வாண்ட்’ என்றேன். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. ரோகிணி சொன்னதைத்தான் இங்கிலீஷில் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். டீச்சர், கரெக்ட், உட்காருங்க என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அது என் வாக்கியமும்தான் என்று உறைத்தது. உட்காராமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இராமச்சந்திரன் அண்ணனிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மண்டபம் போனால் போகட்டும். லீவை மட்டும் ரத்து செய்யாதீர்கள். பொங்கலுக்கு வந்ததும் ரோகிணியை எதிரே உட்காரவைத்து, உனக்கு என்னம்மா வேணும் என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் நடுவில் பேசாமல் இருக்கிற பொறுமையை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளைக் கேட்டு முடித்ததும் சட்டென்று எழுந்து போய்விடாதீர்கள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள்
காஞ்சனா