ஐந்தாம் குடுவை கலங்கிய கதை

என் செல்ல மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உனக்கு வாந்தி நின்றதா, வயிற்றில் குழந்தை உதைக்கிறதா, மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் எட்டியாவது பார்க்கிறாரா என்று அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறாள், நான் என்னவோ உன் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற மாதிரி.

இங்கே ஒரு பெரிய கூத்து நடந்துவிட்டது. போனில் சொன்னால் அவள் பிடுங்கி ஒன்றுமில்லை என்று மூடிவிடுவாள், அதனால் எழுதுகிறேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அம்மா தன் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்கிறாளே, தினமும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றி, அவ்வப்போது கொஞ்சம் உறையவைத்து, தலைமுறை தலைமுறையாக அவை எப்படி மாறுகின்றன என்று பார்க்க. ஞாயிற்றுக்கிழமையும் போவாள், நீ கல்யாணம் கட்டியது என்னையா அந்தக் கிருமிகளையா என்று நான் அவளைக் கேட்காத வாரமில்லை. அவற்றுக்குக் கொடுப்பது அரை வயிற்றுக்குச் சர்க்கரை, கூடவே அவற்றுக்குத் தின்னத் தெரியாத வேறொரு சர்க்கரை. போன வருஷக் கடைசியில் ஒரு காலை ஐந்தாம் குடுவை மட்டும் கிருமிகள் பெருகிப் பால் ஊற்றியது போல் கலங்கிக் கிடந்ததாம். தின்னத் தெரியாததைத் தின்னக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அம்மா குதித்தாள். துறைத் தலைவரோ எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். “வெளியிலேர்ந்து ஏதோ கிருமி பூந்திருக்கும்மா, கொட்டிட்டு மூடுங்க, அந்த ரூமை வேற ஆளுக்குக் கொடுக்கணும்” என்றாராம்.

அன்று வீட்டுக்கு வந்தவள் கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நான் துடைத்து அடுக்கினேன், எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு. பிறகு அவளே சொன்னாள், “கொட்டறதாவது! இதுங்களோட முன்னோரெல்லாம் என்கிட்ட உறைபெட்டில உயிரோட இருக்குங்க. அதுங்களையே கேட்டுடறேன்.” அதையேதான் செய்தாள். முதலில் மரபணுவைப் படித்தாள், குடும்ப அடையாளம் அத்தனையும் இருந்தது, அந்நியன் எவனும் இல்லை. பிறகு அதே வம்சத்தில் கலங்குவதற்கு முந்தைய தலைமுறையை எழுப்பி மறுபடி வளர்த்தாள், கலங்கியது. ஆதி முன்னோரை எழுப்பினாள், அவை கலங்கவே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒரு மரபணு இரண்டாக நகலாகி, நகல் வேறிடத்தில் போய் உட்கார்ந்து விழித்துக்கொண்டதாம். எனக்குப் பாதி புரிந்தது, மீதிக்குத் தலையாட்டினேன்.

தலைவர் நம்பாமல் வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னார், அங்கேயும் அதே முடிவு. நேற்று மனிதர் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலிலேயே நின்று, “நான் அவசரப்பட்டுட்டேன், ரூம் உங்களுக்குத்தான், எத்தனை வருஷம் வேணுமோ வெச்சுக்குங்க” என்றார். அம்மா விடுவாளா, “உள்ள வந்து டீ குடிச்சிட்டுச் சொல்லுங்க, அப்பதான் நம்புவேன்” என்றாள். இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் குடுவைகளைப் பார்க்க ஓடுவாள் என்று நினைத்தேன். அவளோ என் பக்கத்தில் உட்கார்ந்து, லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், மகளிடம் போகிறேன் என்றாள். அப்போ உன் குடுவைகள் என்று கேட்டேன். “எல்லாத்தையும் உறையவெச்சிட்டா அதுங்க பாட்டுக்குக் காத்திருக்கும். பொறக்கற குழந்தை காத்திருக்குமா?” என்று சொல்லிவிட்டுப் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கச் சொன்னாள். முழங்கால் வலியே தெரியாமல் ஏறினேனம்மா.

நீயும் குழந்தையும் குறையில்லாமல் நீடூழி வாழவேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். ஒன்று மட்டும் மறக்காதே, விமான நிலையத்தில் அவள் பெட்டியை நீ தூக்கக்கூடாது. நான் வரவில்லையா என்று கேட்காதே, பெட்டி இரண்டு இறக்கியிருக்கிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா