விரத நோட்டு

ஆடி 12, செவ்வாய். படூர் விடுதி.

மெஸ் வாசலில் விரத நோட்டு வைத்தது நான்தான். விரதம் இருக்கும் பெண்கள் முன்கூட்டியே பெயர் எழுதினால் சோறு வீணாகாது என்று நினைத்தேன். இன்று சமையல்கார மல்லிகா அதைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாள்.

"இன்னா மேடம், ரெண்டாம் மாடி நித்யா டெய்லி விரதம்னு எழுதிகினு கீது. சாமிகூட ஒரு நாளு லீவு வுடும்."

புரட்டினேன். திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் பாபா, வெள்ளி அம்மன், சனி பெருமாள். புதனும் ஞாயிறும் வயிறு சரியில்லை. போன வாரம் எல்லார் முன்னாலும் அவள் பக்தியை மெச்சியவள் நான். வார்டனாம், வார்டன்!

சாயங்காலம் அவள் அறைக்குப் போனேன். சுடிதார் தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தாள். எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மன்னிச்சுக்கம்மா, நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்."

தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டா பயமா இருக்கு மேம்" என்றாள்.

நாளை டாக்டரிடம் நானும் கூடப் போகிறேன். சரியாகிவிடுவாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான்...

இனி விரத நோட்டு கிடையாது. கிழிக்க எடுத்தபோது பார்த்தேன். நாளைக் கிருத்திகைக்கு முதல் பெயர் என்னுடையது. அடித்துவிட்டேன். திருப்போரூர் முருகன் பொறுத்துக்கொள்வான். காலையில் நித்யாவுக்கு எதிரே உட்கார்ந்து நானும் இட்லி தின்னப் போகிறேன்.