ஐந்து மார்க்கில் ஒரு அக்கா

பான்,
மேற்கு ஜெர்மனி,
20 அக்டோபர் 1968

அன்புள்ள சியாமளா அக்காவுக்கு,

வேதவல்லி அநேக நமஸ்காரம். அத்திம்பேருக்கும் என் நமஸ்காரத்தைச் சொல். நான் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியம் என்பதை அத்திம்பேர் எழுதித்தான் தெரிந்துகொள்கிறேன். ஆகஸ்டிலிருந்து உன் கையெழுத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. நீ பேசாவிட்டால் போ, என்னால் பேசாமல் இருக்க முடியாது. அதுவும் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் வெடித்தே போய்விடுவேன்.

அக்கா, நான் அக்கா ஆகப் போகிறேன்!

பயப்படாதே, விஷயம் இதுதான். எங்கள் பெண்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பழைய பெண் ஒருத்தியை அக்காவாகப் போடுவார்கள். அந்த அக்கா ஒரு கூடை தயார் செய்து, எல்லாரும் கூடியிருக்கும்போது தங்கைக்குக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டு அவள் ரொட்டியில் உப்பைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டால் உறவு நிச்சயம். பிடிக்கவில்லை என்றால் வார்டன் வேறு அக்காவை மாற்றிவிடுவார். போன வருஷம் ஒருத்திக்கு அப்படி ஆகி, பாவம், மூன்று நாள் அறையை விட்டே வெளியே வரவில்லை. இந்த வருஷம் வார்டன் லேமன் அம்மாள் என் பெயரையும் பட்டியலில் போட்டிருக்கிறார். எனக்கு வரப்போகும் தங்கையின் பெயர் ரெனாட்டே. வயது பத்தொன்பது. ஹனோவரிலிருந்து வருகிறாள்.

நீ சிரிப்பாய். ஐந்து பேரில் கடைக்குட்டியாகப் பிறந்தவளுக்குத்தான் இந்த அருமை தெரியும். இருபத்தாறு வயதாகியும் என்னை யாராவது ஒரு தடவை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார்களா? எதிராத்துப் பொடிசுகள்கூட 'வேதா' என்றுதான் கூப்பிடும். போய் வாங்கி வா, எடுத்துக் கொடு, சும்மா இரு. இதுதானே நான் கேட்டு வளர்ந்தது? எனக்கு இந்தத் தங்கை வேண்டும், அக்கா. அவள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

கூடைக்கு இரண்டு சட்டம். செலவு ஐந்து மார்க்குக்கு மேல் போகக் கூடாது, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே விஷயத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பக்கத்து அறை கீசெலா காப்பிக் கூடை செய்கிறாள். இன்னொருத்தி மழைக் கூடை. நான் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, 'முதல் வாரம்' என்று வைத்திருக்கிறேன். இங்கே வந்த முதல் வாரத்தில் நான் எதற்கெல்லாம் அலைந்தேனோ அதெல்லாம் அந்தக் கூடையில் இருக்கும். குளியலறைக் குழாயில் பத்து பெனிக் காசு போட்டால்தான் வெந்நீர் வரும் என்பது தெரியாமல் ஆறு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தேனே, அதற்காகக் காசு ஒரு சின்னப் பை நிறைய. ஊசி, நூல், கோட்டுப் பொத்தான். தபால்தலை இரண்டு. சாயங்காலம் மிச்ச ரொட்டியைப் பாதி விலைக்குக் கொடுக்கும் கடை எங்கே, எந்தப் பேராசிரியரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றெல்லாம் குறித்து நானே வரைந்த ஊர்ப்படம். கூடையை மட்டும் காசு கொடுத்து வாங்கவில்லை. காய்கறிக் கடைக்காரர் தூக்கிப் போட இருந்த ஆப்பிள் கூடையைக் கேட்டு வாங்கித் துடைத்து வைத்திருக்கிறேன். உள்ளே விரிக்க உன் பழைய சுங்குடிப் புடவையில் ஒரு துண்டு கிழித்தேன். கோபித்துக்கொள்ளாதே, ஏற்கெனவே கோபமாகத்தானே இருக்கிறாய்.

இங்கே படிக்கும் சந்திரமௌலி என்று ஒரு மதுரைப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? அவன் கூடையைப் பார்த்துவிட்டு, திருவல்லிக்கேணி ஐயங்கார் ஆத்துப் பெண் ஐந்து மார்க்குக்குச் சீர்வரிசை வைக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லட்டும். சீர் என்றால் பூ இல்லாமலா? அதையும் பார்த்துவிட்டேன். இந்த வாரம் சந்தை முழுக்கச் சாமந்திதான். மஞ்சளும் வெள்ளையுமாக, தொட்டி தொட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏதோ பண்டிகை வருகிறது போலிருக்கிறது. கடைசி நேரத்தில் கிளை ஒடிந்த தொட்டியாகப் பார்த்து மலிவாகக் கேட்கப் போகிறேன். கெட்டியாக ஒரு சரம் தொடுத்துக் கூடையின் பிடியில் சுற்றினால் அந்தப் பெண் அசந்து போக மாட்டாளா?

முப்பதாம் தேதி சாயங்காலம் கூடை கொடுக்கும் நாள். பெருமாளிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல். என்னிடம்தானே கோபம், பெருமாளிடம் இல்லையே.

உன்,
வேதா

---

பான்,
2 நவம்பர் 1968

அன்புள்ள அக்காவுக்கு,

வேதாவின் நமஸ்காரம். தீபாவளிக்காவது எழுதுவாய் என்று தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நின்றேன். அத்திம்பேரின் நாலு வரிதான் வந்தது. உனக்கு இடுப்பு வலி என்றும் தைலம் தேய்த்துக்கொள்கிறாய் என்றும் எழுதியிருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே.

கூடை விஷயம் என்ன ஆயிற்று என்று நீ கேட்க மாட்டாய். கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ரெனாட்டே ஒல்லியாக, வெளுப்பாக, யாரைப் பார்த்தாலும் ஒரு அடி பின்னால் போகிற பெண். கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் கூடையைக் கொண்டுபோய் வைத்தேன். மேலே மூடியிருந்த துணியை அவள் எடுத்தாள். சாமந்திச் சரம் மஞ்சளாகத் தகதகவென்று இருந்தது. எல்லாரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அசந்து போய்விட்டார்கள் என்று நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். கீசெலா என் காதோரம் குனிந்து சொன்னாள்.

"வேதா, இது கல்லறைக்கு வைக்கிற பூ."

அக்கா, எனக்கு உயிரே போய்விட்டது. நவம்பர் முதல் தேதி இந்த ஊரில் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்குப் போய்ச் சாமந்தி வைத்து விளக்கேற்றுவார்களாம். சந்தையில் பூ குவிந்திருந்தது அதற்காகத்தான். பண்டிகையாம் பண்டிகை! ஐந்து வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டும் சந்திரமௌலி கூடவே வந்து பேரம் பேசினானே, அவனுக்காவது தெரிய வேண்டாமா? நம் ஊரில் கல்யாணத்துக்கும் அதே சாமந்தி, சாவுக்கும் அதே சாமந்தி. பூவுக்கு இப்படி ஒரு வேலையை மட்டும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

லேமன் அம்மாள் சட்டென்று எழுந்து, வேதாவுக்கு நம் வழக்கம் தெரியாது, எடுத்துவிடலாம் என்று சரத்தில் கை வைத்தார். அந்தப் பெண் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தங்கை போயிற்று, சரத்தை என் முகத்தில்தான் எறியப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, இதை நீங்களே கட்டினீர்களா என்று கேட்டாள். ஆமாம், உனக்காகத்தான் என்றேன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிறகுதான் விஷயம் வந்தது. அவள் பிறந்தது ஹனோவரில் இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கு ஜெர்மனியில், எர்ஃபர்ட் ஊருக்குப் பக்கத்தில். அப்பா அங்கேயே காலமாகிவிட்டார். அவளுக்குப் பதினோரு வயதில் அம்மாவும் அவளும் இந்தப் பக்கம் ஓடி வந்துவிட்டார்கள். அடுத்த வருஷமே நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஓடி வந்தவர்கள் திரும்பிப் போக முடியாது. எட்டு வருஷமாக அப்பா கல்லறைக்கு ஒரு பூ வைக்கவில்லை. வைக்க இடம் இல்லாதபோது பூ எதற்கு என்று சொல்லி அவள் அம்மா இந்த நாட்களில் பூக்கடை இருக்கும் தெருப் பக்கமே போக மாட்டாராம். யாராவது ஒரு தடவை இந்தப் பூவை என் கையில் கொடுக்க மாட்டார்களா என்று இருந்தது என்று சொன்னாள். நான் என்ன பண்ணுவேன் சொல். நானும் சேர்ந்து அழுதேன். கீசெலா அழுதாள். லேமன் அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

நேற்று மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். நடுவில் பெரிய சிலுவை ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர்களின் கல்லறை தூரத்தில் இருக்கிறவர்கள் அதன் அடியில் விளக்கு வைப்பார்களாம். ரெனாட்டே சரத்தை அங்கே வைத்து, அப்பாவின் பெயரை மூன்று தரம் சொன்னாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சரத்தையே பார்த்தார்கள். பூவைத் தொட்டியில் வைப்பார்கள், கொத்தாக வைப்பார்கள், இப்படித் தொடுத்து யாரும் பார்த்ததில்லை. ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டு எப்படி முடிச்சுப் போடுவது என்றுகூடக் கேட்டார். அங்கேயே ஒரு நூலை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். நம் அம்மாவுக்காகவும் ஒரு விளக்கு வைத்தேன். தப்பில்லையே?

திரும்பி வந்து, அன்றைய அழுகையில் விட்டுப்போன ரொட்டியை எடுத்தோம். உப்பு ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தது. அவள் கையை நீட்டினாள். எனக்கு ஏனோ கொடுக்கக் கை வரவில்லை. மேஜை மேல் வைத்து, நீயே எடுத்துக்கொள் என்றேன். ஏன் என்று கேட்டாள். எங்கள் ஊரில் உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், உன்னோடு எனக்குச் சண்டை வேண்டாம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தானே எடுத்து, தொட்டுச் சாப்பிட்டாள். உங்கள் பாஷையில் பெரிய சகோதரியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

இன்று காலை குளியலறையிலிருந்து விடுதியே அதிரும்படி ஒரு குரல்: "ஆக்கா! வெந்நீர் நின்றுபோய்விட்டது, காசு இருக்கிறதா?" பை நிறையக் கொடுத்த காசை மூன்றே நாளில் தீர்த்துவிட்டாள், ஊதாரி. ஆக்காவாம்! இருந்தால் என்ன? தலைதெறிக்க ஓடிப் போய்க் கொடுத்தேன். என்னைப் போல் சந்தோஷக்காரி இந்த ஊரில் இன்று யாரும் இல்லை.

இனி நம் விஷயம். 'முதல் வாரம்' கூடையை என் மூளையிலிருந்து எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று உட்கார்ந்து யோசித்தால், அது நீ எனக்குக் கட்டிக் கொடுத்த டிரங்குப் பெட்டிதான். ஊசி, நூல், பொத்தான், தபால்தலை எல்லாம் அதில் இருந்தன. இதெல்லாம் எதற்கு, சீமையில் கிடைக்காதா என்று உன்னிடம் எரிந்து விழுந்தேன். முதல் வாரம் முழுக்க அந்தப் பெட்டியைத் திறந்து திறந்துதான் பிழைத்தேன். இதை உனக்கு நான் இதுவரை எழுதவே இல்லை.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிப் பேராசிரியர் கேட்டதும், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். என்னைப் பெண் கேட்டு வந்த மயிலாப்பூர்க்காரர்களிடம் செப்டம்பரில் வந்துவிடுவாள் என்று நீ வாக்குக் கொடுத்திருந்தது தெரிந்தும் போட்டேன். இங்கே இருப்பது தப்பில்லை அக்கா, அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். உன்னைக் கேட்காதது தப்பு. அவர்கள் முன்னால் நீ தலைகுனிந்து நின்றிருப்பாய். மன்னித்துக்கொள்.

ரெனாட்டேக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள். நமக்கு நடுவில் என்ன இருக்கிறது, ஒரு தபால்தலைதானே. கோபம் தீரவில்லை என்றால் திட்டி எழுது. பத்துப் பக்கம் திட்டு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

நேற்று உப்பைக் கீழே வைத்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. சென்ட்ரலில் பம்பாய் மெயில் நகர ஆரம்பித்த பிறகு நீ கூடவே ஓடி வந்தாயே. அந்த ஊர் உப்பு எப்படி இருக்குமோ என்று சொல்லி, ஜன்னல் வழியாக ஒரு கல்லுப்புப் பொட்டலத்தை என் கையில் திணித்தாயே. கையில் கொடுத்துவிட்டாய், அக்கா! இந்தச் சண்டைக்கெல்லாம் அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வருவேன். திரும்ப ரயிலேற்றும் நாள் வந்தால் உப்பைக் கீழே வை. நான் எடுத்துக்கொள்கிறேன்.

என்றும் உன் கடைக்குட்டி,
வேதா