செவ்வாய் அக்காவின் சேலை

மாசி 12, செவ்வாய்

வாவி பெருகிப் பல்கலைக்கழக விடுதிக்குள் வெள்ளம் புகுந்த வருஷம், மதிலுக்கு இப்பால் இந்தக் குறுகிய ஒழுங்கையில் குடியிருந்த பெண்கள்தான் நாளுக்கொரு வீடாக மாணவருக்குச் சோறு போட்டார்கள். பெயர் தெரியாத பிள்ளைகள் அவர்களைக் கிழமை சொல்லி அழைத்தார்கள். அன்று சாப்பிட்ட ஒருத்தி இன்று நரைத்த தலையோடு சேலை கொண்டுவந்தாள்.

"செவ்வாய் அக்கா இரிக்காவா, அண்ணன்?"

"எண்ட பொஞ்சாதிதான் மகள். போன மழைக்குள்ள போயிட்டா."

அழுதாள். மற்றவர்களைக் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்காரியைத் தவிர எல்லாரும் போய்விட்டதைச் சொன்னேன்.

"அப்ப இத அவவுக்குக் குடுங்க."

சேலை தலைமாட்டில் கிடக்கிறது. பிள்ளைகள் கனகம்மாவின் வெள்ளிக்கிழமை மீன்கறியைப் புகழ்ந்ததற்காக என் மனைவி கடைசிவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கொடுத்தால் போனவள் கோபிப்பாள். ஆனாலும் அந்த வெள்ளத்தில் அடுப்பு மூட்டியவர்களில் இனி மிச்சம் கனகம்மா மட்டும்தான்.