காரீயக் குழிக்குப் போன ஞாயிறு

1984 செப்டெம்பர் 5, புதன்

தம்பி விவேகானந்தன் வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைத்துப் பொடியன்களைப் பிடிக்கிறார்கள் என்று அம்மா இங்கே அனுப்பிவிட்டார். வெளிநாடு போகப் பாஸ்போட் கிடைக்கும்வரை, கண்டிக்குப் பக்கத்தில் இந்த அம்பிட்டியவில் என் ஒற்றை அறைதான் அவனுக்கும். சிங்களம் ஒரு சொல் தெரியாது. வீட்டுக்காரி செசிலியா அன்ரி அவன் பெயரைப் பொலிஸில் பதியப் பயப்படுகிறார். "சத்தம் வராமப் பாத்துக்கொள்ளும் பிள்ளை" என்றார். நான் படிப்பிக்கப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். என் தம்பியை நானே.

செப்டெம்பர் 7

"அக்கா, மூச்சு முட்டுது. ஒருக்கா எண்டாலும் நடந்திட்டு வருவம்." மூன்றாம் தரம் கேட்கிறான்.

செப்டெம்பர் 9, ஞாயிறு

போனோம். என்னோடு படிப்பிக்கும் அக்குறணைக் கைரியா ஒருமுறை சொன்ன இடம். மலைக்கு அந்தப் பக்கம் கைவிடப்பட்ட காரீயச் சுரங்கம், பென்சிலுக்குள் வைக்கிற கறுப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளைக் கொண்டு தோண்டுவித்ததாம். ஆள் நடமாட்டம் இல்லை என்பதால்தான் துணிந்தேன். ஒற்றையடிப் பாதையால் இரண்டு மணித்தியால நடை. கைதிகளை அடைத்து வைத்த, கூரை போன நீளக் கட்டடம், ஆள் உயரத்துக்கு மேலே சின்னச் சின்னக் காற்றுத் துவாரங்கள். அதற்குப் பின்னால், குனிந்து போகிற அளவுக்குக் குழிவாய். தம்பி உள்ளே போய்விட்டான். கூப்பிடக் கூப்பிட வரவில்லை. வந்தபோது கையெல்லாம் மினுங்கும் கறுப்பு. சிரித்துக்கொண்டு வந்தான்.

"இதுக்குள்ள கிடந்தவங்களுக்கு எப்ப விடுவினம் எண்டாவது தெரிஞ்சிருக்கும், என்னக்கா?"

ஓடையில் நான் கை கழுவினேன். அவன் களிசானில் துடைத்தான். திரும்பும் வழியில் ஜீப்—

முடியவில்லை.

செப்டெம்பர் 10

எழுதத்தான் வேண்டும்.

பொலிஸ்காரர் அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வெடிமருந்து என்றார்கள். காரீயம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. தமிழ் தெரிந்த ஒருவன் தம்பியிடம் என்னைக் காட்டி விசாரித்தான். தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. "அவவைத் தெரியாது. வழி கேட்டனான், அவ்வளவுதான்."

அந்த ஆள் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "ரீச்சர், இவரைத் தெரியுமா?"

இல்லை என்றேன்.

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். எப்படி நடந்தேன்?

செப்டெம்பர் 11

"நீர் சொன்னதுதான் சரி. இல்லாட்டி ரெண்டு பேரும் உள்ளுக்கை" என்கிறார் அன்ரி. சரியா? அவன் சொன்னது எனக்காக. நான் சொன்னது ஆருக்காக?

செப்டெம்பர் 12

இன்றைக்கும் இரண்டு பேருக்குச் சோறு வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 13, வியாழன்

கைரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாங்க, நானும் வாறேன்" என்று மட்டும் சொன்னாள். பொலிஸ் நிலையத்தில் மேசைக்கு முன்னால் நின்று, அவன் என் கூடப்பிறந்த தம்பி, அன்று பொய் சொன்னேன் என்றேன். ஏன் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பயம் என்றேன். பின்னேரம்வரை விசாரணை. கைரியா வெளி வாங்கில் அசையாமல் இருந்தாள்.

ஐந்து நிமிடம் அவனைக் காட்டினார்கள். உதடு வீங்கியிருந்தது. "ஏன் வந்தனீ? நான் அப்பிடிச் சொன்னது வீணாப் போச்சே." கோபம்தான். அழவில்லை. பிறகு, "அடிச்சவங்களோ உனக்கு?" என்று கேட்டான். இல்லை என்றேன். இந்த முறை உண்மை.

செப்டெம்பர் 17

இனிப் பள்ளிக்கூடம் வரவேண்டாம் என்று அதிபர் சொல்லிவிட்டார். அன்ரியும் அறையைக் காலி செய்யட்டாம்.

ஒக்டோபர் 6, சனி, அக்குறணை

கைரியா வீட்டில் இருக்கிறேன். நேற்று தம்பியை விட்டார்கள். கண்டியில் நிற்கக்கூடாது என்பது நிபந்தனை. கொழும்பிலும் அவனுக்கு இடமில்லை. எங்கே பிடிப்பார்கள் என்று அம்மா அனுப்பினாரோ, அங்கேயேதான் திரும்பிப் போகவேண்டும்.

ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் எத்தனை பேர் என்றார். யாழ்ப்பாணம், இரண்டு என்றேன். தம்பி சட்டென்று திரும்பினான். "நீ ஏன்? உன்னைப் போகச் சொல்லேல்லையே."

டிக்கெட் இரண்டையும் கைப்பைக்குள் வைத்தேன். நாளை விடிய ரயில். பொல்காவலையில் மாறவேண்டும்.