மருமகளின் கால்கவசம்

மார்ச் 3, செவ்வாய்

மருமகளை மரம் வெட்டும் குழுவில் எடுத்துவிட்டார்கள்! கிளை பொறுக்கும் வேலை இல்லை, செயின்சா என்கிற மெஷின் ரம்பத்தைப் பிடிக்கும் வேலை. திங்கட்கிழமை போகவேண்டும். வேலைக்குப் போகிறவள் பாட்டுக்குத் துணி மடிக்கிறாள், எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ஒரே குறை, குழுவுக்கு மேஸ்திரி என் கொழுந்தன்.

மார்ச் 4, புதன்

பாதுகாப்புச் சாமான் வாங்கக் கடைக்குப் போனோம். அவனும் வந்தான்.

ஹெல்மெட்டிலேயே முகத்துக்குக் கம்பி வலை, காதுக்கு மூடி எல்லாம் சேர்ந்து வருகிறது. நானும் மாட்டிப் பார்த்தேன். மூடியை இறக்கியதும் கொழுந்தனுக்கு வாய் மட்டும் அசைகிறது. ஆகா! இது எனக்கு அந்தக் காலத்திலேயே கிடைத்திருந்தால்—

பூட்ஸில் விரல் பக்கம் இரும்பு. கடைக்காரர் சுத்தியலால் தட்டிக் காட்டினார். நானும் வாங்கித் தட்டினேன். கையுறையை உள்பக்கம் தடவி, தையல் உறுத்தாததாகப் பார்த்து எடுத்தேன்.

பேன்ட்தான் வம்பு. ரம்பம் பட்டாலும் காலைக் காக்க முன்பக்கம் மெத்தை வைத்தது. எல்லாம் ஆம்பளை அளவு. இருப்பதில் சின்னதை மாட்டினாலும் உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம்.

"தொளதொளன்னு இருந்தா கால்ல திரும்பிக்கும்மா. மெத்தை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்" என்றான் கொழுந்தன்.

"நான் எதுக்கு இருக்கேன்? பிடிச்சுத் தச்சுடறேன்."

"ஐயோ அண்ணி, நீங்க மட்டும் ஊசிய வைக்காதீங்க!"

நீங்க மட்டும்! கடை நிறைய ஆள் இருக்கும்போது!

என் மகனுக்குப் பல் முளைத்த மாதம், இவன் முதல் வேலைக்கு நான் தைத்த சட்டை, நீலக் கோடு போட்டது. கண்ணாடி முன்னால் நின்று, "சட்டையா அண்ணி, தலகாணி உறையா?" என்றான். வீடே சிரித்தது. அன்றிலிருந்து அவன் டீயில் நான் சர்க்கரை போடுவதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இந்த வீட்டு டீயே இப்படித்தான் என்று நினைத்துவிட்டான் போல.

மார்ச் 5, வியாழன்

அந்தச் சின்ன பேன்ட்டையே வாங்கி வந்தாகிவிட்டது. தைக்கத்தான் போகிறேன். யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம்.

மார்ச் 6, வெள்ளி

மருமகள் ஒரு கிழிந்த பழைய பேன்ட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "அத்தை, சின்ன மாமா குடுத்தாரு. தைக்கறதுன்னா முதல்ல இதப் பிரிச்சுப் பாக்கச் சொன்னாரு."

திமிரைப் பார்! கத்திரியைப் போட்டுக் கிழித்தேன். உள்ளே பஞ்சு இல்லை. வெள்ளை நூல், அடுக்கு அடுக்காக, எங்கேயும் கட்டாமல் கூந்தல் மாதிரி கிடக்கிறது.

என் தையல் மெஷினில் பாபினுக்குள் நூல் சிக்கினால் என்ன ஆகும்? எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் அசையாது. ரம்பச் சங்கிலியும் சக்கரத்தில்தானே ஓடுகிறது! இந்த நூல் உருவிக்கொண்டு போய்ச் சுற்றினால் ரம்பம் நின்றுவிடும். மேலே நான் தையல் போட்டிருந்தால்? நூல் எப்படி உருவும்? அவள் கால்—

அடப்பாவி, சரியாத்தான் சொல்லியிருக்கான்.

மார்ச் 7, சனி

திறந்ததும் கடைக்குப் போய் எல்லாத் தட்டையும் இறக்கச் சொன்னேன். கிடைத்தது, கால்கவசம்! முன்னால் மட்டும் அதே நூல் மெத்தை, பின்பக்கம் வார்கள். எந்தக் காலுக்கும் இழுத்து மாட்டலாம், ஊசியே வேண்டாம். பேன்ட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். வீட்டில் மருமகளுக்கு மாட்டி, உட்காரச் சொன்னேன், ஓடச் சொன்னேன், மாடிப்படி ஏறச் சொன்னேன். மெத்தை திரும்பவே இல்லை!

"பாட்டி, அம்மா ரோபோ!" என்று பேத்தி குதிக்கிறாள். நானும்தான்.

மார்ச் 9, திங்கள்

போய்விட்டாள். நடையைப் பார்க்கவேண்டுமே!

மார்ச் 20, வெள்ளி

ரம்பம் துள்ளி மருமகளின் இடது தொடையில் விழுந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே சொல்கிறாள், படுபாவி. நூல் கற்றையாக வந்து சங்கிலியில் சுற்றி, அப்படியே நின்றுவிட்டதாம். அறையைச் சாத்திவிட்டுக் காலைத் தடவித் தடவிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை.

கூட வந்த கொழுந்தன், "இந்தக் கவசம் இனி உதவாது, புதுசு வாங்கணும்" என்றான். நான் போய் டீ போட்டேன்.

சட்டை விஷயம் வேறு. அது அப்படியே இருக்கிறது.

ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தான். "அண்ணி, மாத்திக் குடுத்துட்டீங்களா? இது யாரோட டீ?"

"உன்னோடதுதான். குடி, ஆறிடப் போகுது."